மூச்சு நிற்கும் முன்னே

காலையில் ஒரு குவளை காப்பி அருந்தாவிடில் நம்மில் பலருக்குப் பொழுது விடிவதில்லை. அக்காப்பியில் இருந்து நம்மைத் தட்டி எழுப்பும் காஃபின் என்னும் பொருளே குறைமாதக் குழந்தைகளின் மூச்சையும் காத்து நிற்கிறது. பச்சிளங்குழந்தைப் பிரிவில் இரவுப்பணி ஆற்றும் செவிலியராகிய எங்களுக்கு இது அன்றாடக் காட்சி.

28 வாரத்தில் பிறந்துவிட்ட குழந்தையின் மூளை, மூச்சுவிடும் கட்டளையை இடையறாது அனுப்பும் அளவுக்கு முதிர்ந்திருப்பதில்லை. 20 நொடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றுவிடும், இதயத்துடிப்பு தளரும், கருவியின் மணி ஒலிக்கும். நாங்கள் விரைந்து சென்று உள்ளங்காலை மெல்லச் சுண்டுவோம். பெரும்பாலும் மூச்சு திரும்பிவிடும். ஆயினும் எத்தனை முறை இப்படிச் சுண்டி எழுப்புவது?

"மூச்சு நின்ற பிறகுதான் மருந்தா, சிஸ்டர்?" என்று ஒரு தாய் கேட்பார். "இத்தனை சிறிய உடம்புக்குக் காப்பி மருந்தா, சிஸ்டர்?" என்று மற்றொரு தாய் அஞ்சுவார். இருவர் கேள்வியிலும் நியாயம் உண்டு.

1970களிலேயே இம்மருந்து வழக்கிற்கு வந்துவிட்டது. எனினும் அது பிஞ்சு மூளைக்குத் தீங்கு செய்யுமோ என்ற ஐயம் நெடுங்காலம் தீரவில்லை. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பார்பரா ஷ்மிட் தலைமையில், 500 முதல் 1250 கிராம் எடையுள்ள 2006 குழந்தைகளிடம் ஆய்வு நடந்தது. 2006, 2007 ஆண்டுகளில் வெளியான முடிவுகள் ஐயத்தை அகற்றின. நாட்பட்ட நுரையீரல் பாதிப்பு நூற்றுக்கு 47இலிருந்து 36 ஆகவும், பெருமூளை வாதம் 7.3இலிருந்து 4.4 ஆகவும் குறைந்திருந்தன.

கொடுக்கலாம் என்பது தெளிவாயிற்று. எப்போது தொடங்குவது? அந்த ஆய்வில் பிறந்த 10 நாள்களுக்குள் மருந்து தொடங்கப்பட்டது. முதல் 3 நாள்களுக்குள் பெற்றவர்களிடம் செயற்கைச் சுவாசத்தின் தேவை மேலும் குறைந்ததாக 2010இல் தெரிய வந்தது. அப்படியானால் எல்லாருக்கும் முதல் நாளே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் 2018இல் வெளியான மயாமி ஆய்வு வேறொன்றைக் காட்டியது. செயற்கைச் சுவாசத்தில் இருந்த 83 குழந்தைகளுள், முன்னதாகக் காஃபின் பெற்றோருக்குக் குழாய் விரைவில் அகலவில்லை. இறப்பும் அவர்களிடையே கூடுதலாகத் தென்பட்டதால் ஆய்வு இடையில் நிறுத்தப்பட்டது. அது தற்செயலாகவும் இருக்கக்கூடும். ஆயினும் புறக்கணிக்கத் தக்கதன்று.

ஆகவே, தானே மூச்சுவிடும் மிகச் சிறிய குழந்தைக்கு, மூச்சு நிற்கும்வரை காத்திராது முதல் ஓரிரு நாள்களிலேயே மருத்துவர் பலர் தொடங்குகின்றனர். குழாய்வழி மூச்சுவிடும் குழந்தைக்கோ, குழாயை அகற்றும் வேளையைக் கருதிச் சிலர் பொறுத்திருக்கின்றனர். பெரியவர் உடலில் சில மணி நேரத்தில் பாதியாகிவிடும் காஃபின், இக்குழந்தைகளின் உடலில் பாதியாக ஏறத்தாழ நான்கு நாள்கள் ஆகும். கொடுத்ததை உடனே திரும்பப் பெற இயலாது.

தனக்காகப் பேச இயலாத உயிருக்காக முடிவெடுப்பவர்களுக்கு விரைவும் வேண்டும், பொறுமையும் வேண்டும். எது எப்போது என்பதை அச்சமோ அவசரமோ தீர்மானிக்கலாகாது. எதிரே படுத்திருக்கும் அந்த ஒரு குழந்தையின் நிலையே தீர்மானிக்க வேண்டும். அந்தத் தாயர் இருவருக்கும் நாங்கள் தரக்கூடிய நேர்மையான விடை இதுவே.