காகிதம் பறந்த திசை

எங்கள் அம்பாசடரின் ஹெட் கேஸ்கெட் போனதற்குக் காரணம் மெக்கானிக் பாய் இல்லை, நான்தான். இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்குப் பத்து வருடம் ஆகியிருக்கிறது.

வண்டி அப்பாவுடையது. 1977 மாடல், மார்க் 3. அவர் போன பிறகு போர்ட்டிகோவில் நின்றது. அம்மா அதன் பானெட்டின் மேல் வற்றல் காய வைப்பாள். 2014 மே மாதம் உத்தரபாரா தொழிற்சாலையில் உற்பத்தி நின்றது என்று செய்தி வந்ததும், ஊரில் எல்லோருக்கும் அம்பாசடர் மேல் பாசம் பொங்கியது. எனக்கும் பொங்கியது. வற்றலை எடுத்துவிட்டு, வண்டியைத் துடைத்து, கோயம்புத்தூர் ரோட்டில் நாலு பேர் பார்க்க ஓட்ட ஆரம்பித்தேன்.

சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டி ஏறும். நகர்ந்தால் இறங்கிவிடும். பாய் ரேடியேட்டரைக் கழற்றி, வருடக்கணக்கில் ஊற்றிய போர் தண்ணீரின் உப்பையெல்லாம் எடுத்து, தெர்மோஸ்டாட்டும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அப்புறமும் முள் கொஞ்சம் ஏறத்தான் செய்தது.

"இது இப்படித்தாங்க தம்பி. ஃபேன் பெல்ட்டுல ஓடுது. இஞ்சின் சுத்துற வேகம்தான் அதுக்கும். சிக்னல்ல இஞ்சின் மெதுவா ஓடுனா அதுவும் மெதுவாத்தான் ஓடும். கொதிக்காத வரைக்கும் அதை விட்டுருங்க" என்றார்.

நான் விடவில்லை. ராத்திரி ராத்திரியாக வீடியோ பார்த்தேன். ஃபேனின் வேகம் இரண்டு மடங்கானால் காற்று இரண்டு மடங்கு வரும், ஆனால் அதைச் சுற்ற எட்டு மடங்கு சக்தி வேண்டும் என்று படித்தேன். சரியான கணக்குதான். ஹைவேயில் போகும்போது எதிர்க்காற்றே போதும், அப்போது பெல்ட் ஃபேன் இஞ்சினின் சக்தியைத் தின்கிறது என்பதும் சரிதான். எனக்குத் தெரிந்ததெல்லாம் சரியாகவே இருந்தது. தெரியாததை யாரிடமும் கேட்கவில்லை, அதுதான் கோளாறு.

உக்கடம் பக்கம் பழைய சாமான் கடையில் ஒரு மாருதி 800-இன் எலெக்ட்ரிக் ஃபேனை வாங்கினேன். மாருதியில் இஞ்சின் குறுக்கே படுத்திருக்கிறது. அதன் புல்லி பக்கவாட்டில் இருப்பதால் முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு பெல்ட் போட்டு ஃபேன் ஓட்ட வழியில்லை. அதனால்தான் அதற்கு மோட்டார் ஃபேன். ஆனால் அது 796 சிசி வண்டி. அம்பாசடர் 1489 சிசி. இந்த இரண்டு எண்களும் எனக்கு மனப்பாடம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெல்ட் ஃபேனின் நாலு போல்ட்டையும் கழற்றினேன். மாருதியில் ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்து காற்றை இழுக்கும். எனக்கோ பின்னால் வாட்டர் பம்ப் புல்லி இடித்தது. ஆகவே அப்படியே முன்னால் கொண்டுவந்து, கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில், கூடு ரேடியேட்டரைப் பார்த்தபடி முடுக்கிவிட்டேன். முன்னால் வந்தாலும் அது பழைய வேலையைத்தானே செய்யும்? ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுத்தது. ஆனால் இஞ்சின் பக்கமிருந்து சூட்டை இழுத்து கிரில் வழியாக வெளியே தள்ளியது. ரிலே வைக்கவில்லை, மெல்லிய ஒயரை நேராக டாஷ்போர்டு சுவிட்சுக்கு இழுத்தேன். டைனமோவைப் பற்றி யோசிக்கவே இல்லை. அது நன்றாக ஓடினாலே 20 ஆம்பியர் சொச்சம்தான் தரும். ஐடிலில் ஒன்றுமே தராது, சிவப்பு விளக்குதான் எரியும். எந்த சிக்னலுக்காக ஃபேனை மாட்டினேனோ, அந்த சிக்னலில் அது முழுக்க பேட்டரியை உறிஞ்சித்தான் ஓட வேண்டும்.

வீட்டு வாசலில் ஓட்டிப் பார்த்தேன். முள் இறங்கியது. நிற்கிற வண்டிக்குக் காற்று எந்தப் பக்கம் போனாலும் கொஞ்சம் குளிரும் என்பது அப்போது உறைக்கவில்லை.

அடுத்த வாரம் மனைவி, மகன், மாமனார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வால்பாறைக்குக் கிளம்பினேன். பொள்ளாச்சி வரை ஃபேனைப் போடாமலே முள் அடியில் கிடந்தது. "பார்த்தீங்களா மாமா, பழைய ஃபேன் எவ்வளவு பவரைத் தின்னுட்டிருந்துருக்கு" என்று வழியெல்லாம் பேசினேன். அவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்றும் சொல்லவில்லை.

ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே வண்டி ஊர்கிறது, இஞ்சினோ கியரில் கத்துகிறது. எதிர்க்காற்று இல்லை. பெல்ட் ஃபேன் பிறவி எடுத்ததே இந்த இடத்துக்காகத்தான். இஞ்சின் கத்தக் கத்த அதுவும் சேர்ந்து சுற்றும். அதை நான் வீட்டில் சாக்குப்பையில் வைத்திருந்தேன். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயின்டில், எல்லோரும் இறங்கி வரையாடு பார்த்தார்கள். நான் முள்ளைப் பார்த்தேன். பதின்மூன்றாவது வளைவில் டாஷ்போர்டிலிருந்து ரப்பர் கருகும் வாடை, பானெட்டிலிருந்து ஆவி. பயத்தில் அதைவிடப் பெரிய தப்பு ஒன்றைச் செய்தேன். ஆற விடாமல், ஓடைத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து ஊற்றினேன். மறுபடி ஸ்டார்ட் செய்தபோது சைலன்ஸரில் வெள்ளைப் புகை. டிப் ஸ்டிக்கை எடுத்தால் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தது.

சிக்னல் கிடைத்த இடத்தில் பாய்க்கு போன் போட்டேன். மாமனார் பக்கத்தில் நின்றார். "ரேடியேட்டரை நீங்கதானே பாய் கழட்டி மாட்டுனீங்க? என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். யோசித்துச் சொன்ன பொய்யில்லை. வாயைத் திறந்தேன், அது வந்தது.

டோயிங் வண்டியில் மறுநாள் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமனாரும் கூட வந்தார். பாய் ஒயரை ஒட்டுப்போட்டு ஃபேனை ஓடவிட்டார். டீ மேஜையில் கிடந்த தினசரியில் ஒரு தாளைக் கிழித்து கிரில்லுக்கு முன்னால் பிடித்தார். அது கிரில்லில் ஒட்டியிருக்க வேண்டும். அவர் நெஞ்சை நோக்கிப் பறந்தது.

என்னைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பார்த்து சரி பண்ணிரலாங்க" என்றார். அவ்வளவுதான்.

ஹெட்டை லேத்தில் கொடுத்துத் தளம் பிடித்து, புது கேஸ்கெட் போட்டு, பழைய ஃபேனையே மாட்டிக் கொடுத்தார். சாமானுக்கு மட்டும் காசு வாங்கினார். கூலி வேண்டாம் என்றார். நான் வற்புறுத்தவில்லை. அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. எங்கள் வீதியில் ஃபியட் வைத்திருக்கும் வங்கிக்காரரிடமும், ஆம்னி வேன் வைத்திருக்கும் வாத்தியாரிடமும், "வயசாயிடுச்சுங்க, முன்ன மாதிரி வேலை இல்லை" என்று சொல்லி வைத்தேன். இருவரும் வேறு பட்டறைக்கு மாறிவிட்டார்கள்.

இந்தப் போகிக்குப் பரண் ஒழித்தபோது மகன் அந்த ஃபேனை எடுத்து, "இது என்னப்பா?" என்றான். பதில் தயாராக இருந்தது. "அதுவா, பாய் ரேடியேட்டரைக் கெடுத்த கதை" என்று தொடங்கினேன். ஒரு இடத்தில்கூட நாக்கு இடறவில்லை. அதைக் கேட்டுத்தான் பயந்தேன்.

மறுநாள் பட்டறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். "அன்னைக்கே தெரியுங்க தம்பி. மாமனார் நின்னுட்டு இருந்தாரு" என்றார். கூலிப் பணம் என்று நீட்டினேன். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன், வெட்கத்தோடு இதையும் சொல்லிவிடுகிறேன். அவர் மறுக்கவில்லை, எண்ணி வாங்கிக்கொண்டார்.

வங்கிக்காரரும் வாத்தியாரும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். வண்டியை அவரிடமே கொண்டுபோங்கள். பட்டறை அதே வேப்பமரத்தடியில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார். மற்ற நேரமெல்லாம் இருப்பார்.