குளிர்பெட்டித் தாளும் நிம்ரொட் விமானமும்

நேற்று இரவு வேலை முடிந்து ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிற என் அறைக்கு வந்தும் நித்திரை வரவில்லை. எழுதினால் மனப்பாரம் குறையும் என்று எழுதுகிறேன்.

எங்கள் குசினிச் சுவரில் ஒரு தாள் தொங்குகிறது. ஒவ்வொரு நாளும் குளிர்பெட்டியின் வெப்பநிலையைப் பார்த்து அதில் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். முன்பு இருந்த பெரிய குக் அண்ணை திறந்து பார்க்காமல் எழுத விடமாட்டார். இறைச்சியில் சந்தேகம் வந்தால் முதலாளியைக் கேட்காமலே கொட்டிவிடுவார். பிறகு கடை கைமாறியது, அண்ணையும் போய்விட்டார். புது முதலாளிக்குக் கணக்கு நன்றாகத் தெரியும், அடுப்படி தெரியாது. பெட்டியைத் திருத்த ஆள் கூப்பிடுவது வீண்செலவு என்றார். நானும் பார்க்காமலே 5 என்று எழுதப் பழகிவிட்டேன். நேற்றுத் தற்செயலாகப் பார்த்தால் 11 பாகை. தாளில் 5. கையெழுத்து என்னுடையது.

2006 இல் பொறியியல் படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு நாட்டைவிட்டு வெளிக்கிட்டவன் நான். படிப்பு போனாலும் விமானங்களைப் பற்றி வாசிக்கிற பழக்கம் போகவில்லை. அதே வருடம் செப்ரெம்பர் 2 இல் பிரித்தானிய விமானப்படையின் நிம்ரொட் விமானம் ஒன்று ஆப்கானிஸ்தானில் கந்தகாருக்கு அருகே தீப்பற்றி வெடித்தது. 14 பேர் இறந்தார்கள். வானில் வைத்தே எரிபொருள் நிரப்பிச் சில நிமிடங்களில் நடந்தது. கசிந்த எரிபொருள் கொதிக்கிற குழாயில் பட்டிருக்கிறது. அந்த ஆபத்து பல வருடங்களாக விமானத்துக்குள்ளேயே இருந்தது.

அதைக் கண்டுபிடிக்க வாய்ப்பும் இருந்தது. 2001 முதல் 2005 வரை பாதுகாப்பு அறிக்கை ஒன்று தயாரித்தார்கள். அதைச் செய்தது விமானத்தின் வடிவமைப்புப் பொறுப்பை வைத்திருந்த பிஏஇ சிஸ்ரெம்ஸ் நிறுவனம். 2004 இல் வேலை முடிந்தமாதிரிக் கையளித்தபோது, பட்டியலிட்ட ஆபத்துகளில் 40 வீதத்துக்கும் மேல் தீர்க்கப்படாமலே கிடந்தன. பாதுகாப்பு அமைச்சும் துருவிக் கேட்கவில்லை. 30 வருடம் பறந்த விமானம்தானே, பிழை இராது என்ற நினைப்பு.

2009 இல் சட்டத்தரணி சார்ள்ஸ் ஹடன்-கேவ் தன் விசாரணை அறிக்கையில் இதை வெறும் கடதாசி வேலை, சரி போடுகிற வேலை என்று சாடினார். தலைமையும் பண்பாடும் முன்னுரிமைகளும் தோற்றுப்போன கதை என்பதை அறிக்கையின் தலைப்பிலேயே வைத்தார். 1990களில் மேலே வர விரும்பியவர் விமானப் பாதுகாப்பில் கெட்டிக்காரராக இருக்கவேண்டும், 2004 அளவில் வரவுசெலவில் கெட்டிக்காரராக இருக்கவேண்டும் என்று முன்னாள் அதிகாரி ஒருவர் அந்த விசாரணையில் சொன்னார். வாசித்தபோது எங்கள் பெரிய குக் அண்ணைதான் ஞாபகத்துக்கு வந்தார்.

போயிங் கதையும் இதுதான். 1997 இல் மக்டொனல் டக்ளஸோடு இணைந்தது. 2001 இல் தலைமையகம் தொழிற்சாலைகள் இருந்த சியாட்டிலை விட்டுச் சிக்காகோவுக்குப் போனது. பொறியியலாளர் சொல்லைவிடப் பங்குவிலை பெரிதாகிவிட்டது என்று அங்கே வேலை செய்தவர்களே குறைப்பட்டார்கள். 2018 இலும் 2019 இலும் இரண்டு 737 மக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் போனார்கள்.

முதலாளிமாரைத் திட்டிவிட்டுப் படுத்துவிடலாம். ஆனால் நண்பர்களே, எந்த முதலாளியும் தானே வந்து 5 என்று எழுதுவதில்லை. செலவைக் குறை என்று மட்டும் சொல்வார். பொய்யை எழுதுகிறது கீழே நிற்கிற எங்கள் கைதான். வேலை போய்விடும் என்ற பயத்தில் எழுதுகிறோம், பிறகு பயம்கூட இல்லாமல் பழக்கத்தில் எழுதுகிறோம்.

நேற்று 5 ஐ வெட்டி 11 என்று எழுதிவிட்டுக் கோழி முழுவதையும் கொட்டினேன்.

"தம்பி, சனிக்கிழமையும் அதுவுமாய் இவ்வளவையும் கொட்டினால் ஆர் காசு தாறது?" என்றார் முதலாளி.

"என்ரை சம்பளத்திலை பிடியுங்கோ அண்ணை. பெட்டியைத் திருத்தாமல் இனி நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

அவர் ஒன்றும் பேசவில்லை. நாளைக்கு எனக்கு வேலை இருக்குமோ தெரியாது. இருந்தால், முதலில் பெட்டியைத் திறந்து பார்ப்பேன்.