தரைப்பாலத்தின் இக்கரையில்

1542-ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் எங்கள் கடற்கரை ஊர்களைக் கால்நடையாகவே சுற்றி வந்தார். அவரது திருவுடலைக் காணக் கோவாவுக்குப் புறப்பட்ட எங்களுக்கோ ஒரு வண்டி தேவைப்பட்டது. அந்த வண்டியைப் பற்றியும், அது எங்களைக் கொண்டு சேர்த்த விதத்தைப் பற்றியும் நம் பங்குக் குடும்பங்கள் சிலவற்றுக்காவது பயன்படும் என்றெண்ணி எழுதுகின்றோம்.

பத்தாண்டுகளுக்கு ஒரு முறை அவரது உடல் பொதுமக்களின் வணக்கத்திற்கு வைக்கப்படுகிறது. 2014-இல் அப்பா போக ஆசைப்பட்டார். உடல் இடம் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டே இறைவனடி சேர்ந்தார். 2024 நவம்பர் 21 முதல் 2025 சனவரி 5 வரை மீண்டும் அந்த வாய்ப்பு என்று கோவிலில் அறிவிப்பு வாசிக்கப்பட்ட அன்று, எண்பத்தொரு வயதான அம்மா, "டிசம்பர் 3 திருநாளன்று நான் அங்கே இருக்க வேண்டும். உங்கள் அப்பாவின் நேர்ச்சை அது" என்றார். அடுத்த முறை 2034-இல்தான் என்பதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எங்களிடம் இருப்பது ரெனோ டஸ்டர். ஓரகடத்தில் கட்டப்பட்டு 2012-இல் விற்பனைக்கு வந்த வகை. பிறர் ஓட்டிய வண்டியாக வாங்கியது. 1,461 சி.சி. டீசல் எஞ்சின், 50 லிட்டர் தொட்டி, தரைக்கும் அடிப்பாகத்திற்கும் இடையே 205 மில்லிமீட்டர் இடைவெளி. முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு அதன் இருக்கை உயரமே பெரிய வசதி. காரில் ஏறுவதுபோல் குனியவும் வேண்டாம். ஜீப்பில் ஏறுவதுபோல் தாவவும் வேண்டாம். ஆனால் உருவத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. நான்கு சக்கரமும் இழுக்கும் டஸ்டரும் உண்டு. எங்களுடையது முன்சக்கரம் மட்டும் இழுப்பது. தோற்றத்தில் ஜீப், உள்ளத்தில் குடும்பக் கார் என்று எங்கள் மகன் சொல்வான். அவன் சொன்னதை அவனே மறந்த நாள் ஒன்று வந்தது.

தூத்துக்குடியிலிருந்து மதுரை, சேலம், பெங்களூர், ஹூப்ளி வழியாக கோவாவுக்கு 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். விடுதிச் செலவுக்கு அஞ்சி அடுப்பு, அரிசி, பாய், தண்ணீர்க் குடம் யாவற்றையும் மேல்தட்டில் கட்டினோம். டிசம்பர் 1, ஞாயிறு, விடியற்காலைத் திருப்பலி முடித்துக் கிளம்பினால், அருப்புக்கோட்டை தாண்டியதும் காற்றில் வண்டி இருபுறமும் அலையத் தொடங்கியது. பாரம் மேலே ஏற ஏற வண்டி தடுமாறும் என்பதும், மேல்தட்டு தாங்கும் எடைக்கு ஓர் எல்லை உண்டென்பதும் கையேட்டில் எழுதியிருந்தவைதாம். மதுரையில் உறவினர் வீட்டில் பாதிக்கு மேல் இறக்கிவிட்டோம். அந்தக் குடத்திற்காக அம்மா சேலம் வரை வருந்தினார்.

புயல் வேளையில் புறப்பட்டது எங்கள் தவறே. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்துவிட்டது, இனி மழை ஓயும் என்று கணக்குப் போட்டோம். ஊத்தங்கரையில் வாழும் அக்காவை ஏற்றிக்கொள்வதற்காக, டிசம்பர் 2 காலை சேலத்திலிருந்து நெடுஞ்சாலையை விட்டு அரூர்ச் சாலையில் திரும்பினோம். அன்று காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் மட்டும் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்திருந்தது. ஏரி நிரம்பி வழிந்து, அங்கே நிறுத்தியிருந்த வண்டிகளை அடித்துச் சென்ற செய்தி எங்களுக்கு அப்போது தெரியாது.

அரூருக்கு அப்பால் ஒரு தரைப்பாலம். அதன்மேல் செந்நிற நீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கண்முன்னே ஒரு லாரி கடந்து போயிற்று.

"லாரி போய்விட்டதே, அப்பா. நம் வண்டியும் உயரமானதுதானே? மெல்லப் போனால் பத்தே நிமிடத்தில் அத்தை வீட்டுச் சாலை" என்றான் மகன். பின்னிருக்கையில் அம்மா செபமாலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். மறுநாள் திருநாள். இங்கே திரும்பினால் நேர்ச்சை தவறும்.

205 மில்லிமீட்டர் என்பது கல்லையும் குழியையும் தாண்டுவதற்கான அளவு. நீரில் இறங்குவதற்கான அனுமதியன்று. எஞ்சின் காற்றோடு நீரையும் உறிஞ்சிவிட்டால், நீர் அமுங்காது. உள்ளிருக்கும் தண்டு வளைந்து எஞ்சின் அங்கேயே நின்றுவிடும். ஓடும் நீர் இரண்டடி ஆழம் இருந்தாலே இத்தகைய வண்டிகளில் பெரும்பாலானவற்றைத் தூக்கிச் சென்றுவிடும். லாரியை நிறுத்தி வைப்பது அதன் பல டன் எடை. சேற்று நீருக்கு அடியில் பாலம் முழுதாக இருக்கிறதா என்று யார் அறிவார்? மகன் இறங்கி நடந்து பார்க்கிறேன் என்றான். அதற்கும் இசையவில்லை. அவன் முகம் சுருங்கிற்று. அம்மாவிடம் சொல்லும் துணிவு எங்கள் இருவருக்கும் வரவில்லை.

அவரேதான் சொன்னார்: "வண்டியைத் திருப்பு."

திரும்பி வந்த வழியிலிருந்த ஒரு சிற்றூரின் பங்குத் தந்தை பள்ளிக்கூட அறையொன்றைத் திறந்து கொடுத்தார். பின்னிருக்கையை மடக்கினால் அம்மா கால் நீட்டிப் படுக்கும் அளவு இடம் கிடைத்தது. நாங்கள் பாய் விரித்தோம். டிசம்பர் 3 திருப்பலியை அந்த ஓட்டுக்கூரைக் கோவிலில் பத்துப் பதினைந்து பேரோடு கண்டோம். அம்மா நற்கருணை வாங்கித் திரும்பியவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அழுதாரோ என்னவோ, நாங்கள் பார்க்கவில்லை.

நான்காம் நாள் நீர் வடிந்து பேருந்து ஓடத் தொடங்கியதும் அக்கா கிருஷ்ணகிரிப் பேருந்து நிலையத்தில் வந்து சேர்ந்தார். அவர் வீட்டிற்குள் முழங்கால் அளவு சேறாம். அதைப் போட்டுவிட்டு வந்திருந்தார். ஐவர் ஆனதும் வண்டியின் நடை மாறிற்று. சக்கரக் காற்றைப் பாரத்திற்கு ஏற்ப ஏற்றினோம். சித்ரதுர்காவில் இரவு தங்கினோம். மறுநாள் எல்லாப்பூருக்கு அப்பால் அரபைல் மலைப்பாதையில் இரண்டாம் கியரிலேயே இறங்கினோம். அங்கே மகன் பிரேக்கை ஒருமுறைகூட அழுத்திப் பிடித்து வைக்கவில்லை, நன்றாகவே ஓட்டினான். கார்வாரில் காளி நதியின் பழைய பாலம் 2024 ஆகஸ்ட் 7 அதிகாலை இடிந்து விழுந்திருந்தது. புதிய பாலத்தின் வழியே கடந்தோம். பாலத்தின் நடுவே யாரும் பேசவில்லை.

பழைய கோவாவை அடைந்த நாள் டிசம்பர் 6. அது முதல் வெள்ளி என்பதை அம்மாதான் நினைவூட்டினார். போம் ஜேசு பசிலிக்காவிலிருந்து சே பேராலயத்திற்குக் கொண்டுவரப்பட்டிருந்த பேழையின் முன் நிற்க, நீண்ட வரிசையில் காத்திருந்தோம். அருகே நிற்கக் கிடைத்தவை சில நொடிகள். அம்மா அப்பாவின் பெயரை மெல்லச் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

வெளியே வந்ததும் அவர் பேரனின் தோளைப் பற்றிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். சக்கரத்தின் உட்புறத்தில் அரூர்ச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. "இதை இங்கே கழுவாதே. ஊருக்குப் போய்க் கழுவிக்கொள்ளலாம்" என்றார்.