காலிச் சாலையின் கண்ணி

நள்ளிரவில் மோட்டார் பைக்கில் போகிறவருக்குத்தான் கொல்கத்தா தன் முழு அழகையும் காட்டுகிறது. அதற்கு அது வசூலிக்கும் விலையும் அதிகம்.

இரவு மணி பத்தரை. ஷியாம்பஜாரின் ஐந்து முனைச் சந்திப்பில், குதிரை மேல் அமர்ந்திருக்கும் நேதாஜியைச் சுற்றிக் காலையிலிருந்து நெருக்கியடித்துக்கொண்டிருந்த பஸ்களும் ஆட்டோக்களும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்கின்றன. கடைகளின் ஷட்டர்கள் இறங்குகின்றன. நடைபாதை வியாபாரி சரக்கை மூட்டை கட்டி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்துகிறார். பகலில் இங்கிருந்து தெற்கே காளிகாட் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனாலும் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். இப்போது பைக்கைக் கிளப்பும் இளைஞர் அரை மணியில் போய்விடுவார். ஹாரனைத் தொட வேண்டிய அவசியம்கூட இருக்காது.

இந்த விடுதலையின் ருசி தெரிய வேண்டுமானால் பகல் நேரக் கொல்கத்தாவைத் தெரிந்திருக்க வேண்டும். நகரத்தின் பரப்பில் சாலைகளுக்குக் கிடைத்திருப்பது சுமார் 6 சதவீதம்தான். அந்த இடத்தையும் பஸ், டாக்ஸி, கைவண்டி, ரிக்‌ஷா, பாதசாரி எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். சில தெருக்கள் முற்பகலில் ஒரு திசைக்கும் பிற்பகலில் எதிர்த்திசைக்கும் ஒருவழிப் பாதையாக மாறுகிற வித்தையும் இங்கே உண்டு. சங்க கால மதுரையில் பகலுக்கு நாளங்காடியும் இரவுக்கு அல்லங்காடியும் இருந்ததாக மதுரைக்காஞ்சி சொல்கிறது. கொல்கத்தாவில் அங்காடி ஒன்றுதான், சாலையும் ஒன்றுதான். பகலில் அது சந்தை, இரவில்தான் சாலை.

சென்ட்ரல் அவென்யூ வழியாகத் தெற்கே வரும் பைக்குக்கு முதலில் கிடைக்கும் பரிசு காற்று. எஸ்பிளனேடைத் தாண்டி மைதானத்தின் ஓரத்தைத் தொட்டதும் வெப்பம் சட்டென்று இறங்குவதைக் கன்னமும் கைகளும் உணரும். காரின் கண்ணாடிக்குள் இருப்பவருக்கு இது தெரியாது. ஒரு பக்கம் சௌரிங்கியின் பழைய மாளிகைகள், மறுபக்கம் இருட்டில் விரிந்து கிடக்கும் புல்வெளி, தொலைவில் விளக்கொளியில் மிதக்கும் விக்டோரியா நினைவு மண்டபம். இரண்டாம் உலகப் போரின்போது போர் விமானங்கள் இறங்கி ஏறிய ரெட் ரோடு நூல் பிடித்ததுபோல நீண்டு கிடக்கும். ஓடுதளமாக இருந்த சாலையில் பறக்க ஆசைப்படாத வாலிபர் குறைவு.

பசிக்கு பவானிப்பூர் இருக்கிறது. ஹரீஷ் முகர்ஜி ரோட்டில் உள்ள பல்வந்த் சிங் உணவகத்தின் முன்னால் நள்ளிரவிலும் பைக்குகள் வரிசை கட்டி நிற்கும். பாலில் கோலா கலந்து தரும் ‘தூத் கோலா’ அந்தக் கடையின் அடையாளம். முதல் முறை கேள்விப்படும் தமிழருக்கு முகம் சுளிக்கும். இரண்டாவது மிடறில் சமாதானமாகிவிடும். இன்னும் தூரம் போக நினைப்பவர்கள் ஹூக்ளியைக் கடக்கிறார்கள். 1943-ல் திறக்கப்பட்ட ஹவுரா பாலம் இரவிலும் முழுதாய்த் தூங்குவதில்லை. 1992-ல் திறந்த வித்யாசாகர் சேதுவோ கம்பிகளில் தொங்கும் 823 மீட்டர் அமைதி. அதைத் தாண்டினால் நெடுஞ்சாலை. ரூப்நாராயண் நதிக்கரையில் கோலாகாட்டின் தாபாக்கள் வரை போய் ரொட்டியும் தட்காவும் சாப்பிட்டுவிட்டு விடிவதற்குள் திரும்பும் நண்பர் கூட்டங்கள் உண்டு. வேறு திசையில் போகிறவர்களுக்கு சக்திகரின் லாங்சா இனிப்பு.

இரவு சவாரியில் மூக்குக்கும் வேலை உண்டு. அணைந்துகொண்டிருக்கும் கரி அடுப்பு, மல்லிக் காட் பூச்சந்தையில் நள்ளிரவுக்குப் பின் வந்திறங்கும் சாமந்தி, மீன் லாரி போன தடம் என்று ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு வாசனை. 1947 முதல் தாராதலாவில் இயங்கிய பிரிட்டானியா பிஸ்கட் தொழிற்சாலை 2024-ல் மூடப்பட்டபோது அந்தப் பக்கத்துக்காரர்கள் முதலில் நினைத்துக்கொண்டது அந்த வாசனையைத்தான்.

ஆனால் இந்தக் காலிச் சாலையில்தான் கண்ணியும் இருக்கிறது. பகலின் நெரிசல் எரிச்சலூட்டினாலும் ஒரு வகையில் காவல். மணிக்கு 20 கிலோமீட்டரில் ஊர்கிற வண்டியில் பெரிய அடி படுவது அரிது. இரவு அந்தக் காவலை விலக்கிவிடுகிறது. கணக்கு எளிமையானது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் பைக் ஒரு வினாடியில் சுமார் 17 மீட்டர் கடக்கிறது. தடையைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி. பிறகு உலர்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் 20, 25 மீட்டர். ஆக மொத்தம் 40 மீட்டர். தாழ்த்திய ஹெட்லைட்டில் தெளிவாகத் தெரிவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். வேகம் 80 ஆனால் நிற்பதற்கு 60 மீட்டருக்கு மேல் வேண்டும். அதாவது, தன் விளக்கு காட்டாத இடத்துக்குள் ஓட்டுபவர் பாய்ந்துகொண்டிருக்கிறார்.

அந்த இருட்டுக்குள் என்னென்னவோ காத்திருக்கின்றன. கொல்கத்தாவுக்கே உரியது டிராம் தண்டவாளம். 1873-ல் குதிரைகள் இழுக்க, 1902 முதல் மின்சாரத்தில் ஓடிய டிராம் இந்த நகரத்தின் செல்லப் பிள்ளை. மழையில் நனைந்த அதன் எஃகுத் தண்டவாளமோ பைக்காரரின் பகை. குறுக்கே நேராகக் கடந்தால் சிக்கல் இல்லை. சாய்வாக ஏறினாலோ, தண்டவாளத்தின் மேல் பிரேக் போட்டாலோ சக்கரம் வழுக்கிவிடும். போக்குவரத்துப் போலீசார் டிராமுக்கு எதிராக வைத்த வாதங்களில் இதுவும் ஒன்று. 2024 செப்டம்பரில், மைதானம்–எஸ்பிளனேடு பாரம்பரியத் தடம் நீங்கலாக டிராம் சேவை நிறுத்தப்படும் என்று மாநிலப் போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார். டிராம் அபிமானிகள் கொதித்தார்கள். விவகாரம் உயர் நீதிமன்றப் படியேறியது. பல தெருக்களில் டிராம் போன பிறகும் தண்டவாளம் கிடந்தது. சில இடங்களில் அதன் மேல் தார் ஊற்றி மூடினார்கள். டிராம் வராத தண்டவாளத்தை யார் பராமரிப்பார்கள்? சுற்றியிருக்கும் கல்லும் தாரும் பெயர்ந்து பள்ளமாகும்போது ஆபத்து கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

அடுத்தது லாரி. பகலில் கனரகச் சரக்கு வண்டிகளுக்கு நகருக்குள் கட்டுப்பாடு. இரவு ஏறியதும் துறைமுகப் பக்கத்திலிருந்தும் நெடுஞ்சாலைகளிலிருந்தும் அவை மொத்தமாக இறங்குகின்றன. போஸ்தாவுக்கும் படாபஜாருக்கும் மூட்டைகள், ஹவுராவுக்கு ஆந்திராவின் மீன். விடிவதற்குள் இறக்கிவிட்டுத் திரும்பும் அவசரம் ஓட்டுநருக்கு. பின்விளக்கு எரியாமல் சாலையோரம் நிறுத்திய லாரி, ஓடுகிற லாரியைவிட மோசம். பகலில் ஒருவழியாக இருக்கும் பல தெருக்களில் இரவு எதிரேயும் வண்டி வரும் என்பதை மறப்பவர்களும் உண்டு. ஆடி, ஆவணி மழையில் டன்டனியா போன்ற தாழ்ந்த பகுதிகளில் தண்ணீர் தேங்கினால், சாலை எது, குழி எது என்று தெருவிளக்கு சொல்லித் தராது. மார்கழி, தை மாதங்களில் மைதானத்தின் குளிர்ந்த காற்று மூடுபனியாக எழுந்து ஹெல்மெட்டின் கண்ணாடியில் படிகிறது.

எதிர்பாராத திசையிலிருந்தும் ஆபத்து வரும். செப்டம்பர் மத்தியில் விஸ்வகர்மா பூஜை வந்தால் கொல்கத்தாவின் வானமெல்லாம் பட்டம். வடசென்னைக்காரர்களுக்கு மாஞ்சாவைப் பற்றி விளக்கத் தேவையில்லை. 2015-ல் திறந்த ‘மா’ மேம்பாலம், பட்டம் விடும் பேட்டைகளை ஒட்டிப் போகிறது. குறுக்கே தொங்கும் நைலான் மாஞ்சாவில் கழுத்தும் முகமும் அறுபட்ட பைக்காரர்கள் பலர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-ல் நைலான் மாஞ்சாவை நாடு முழுவதும் தடை செய்தது. மேம்பாலத்தின் ஓரங்களில் வேலியும் எழுந்தது. பகலிலேயே கண்ணுக்குத் தெரியாத நூல், மாலையில் அறுந்து சிக்கிக் கிடந்தால் இரவில் எப்படித் தெரியும்?

நாட்டளவிலான கணக்கைப் பார்த்தால் இந்த அச்சம் மிகையல்ல. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதத்தினர் இரு சக்கர வண்டிகளில் போனவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029. கொல்கத்தாவில் 2016 ஜூலையில் மாநில அரசு ‘சேஃப் டிரைவ், சேவ் லைஃப்’ இயக்கத்தைத் தொடங்கியது. ஹெல்மெட் இல்லாவிட்டால் பெட்ரோல் இல்லை என்று பங்க்குகளுக்கு உத்தரவும் போனது. பங்க்கில் இரவல் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துப் பெட்ரோல் போட்டுக்கொள்ளும் சாமர்த்தியம் நம்மவர்களுக்குக் கற்றுத் தர வேண்டியதா என்ன! துர்கா பூஜை இரவுகளில் ஒரே பைக்கில் மூன்று பேர், மூவர் தலையிலும் தலைமுடியைத் தவிர வேறெதுவும் இல்லாமல், பந்தல் பந்தலாகப் பறப்பது ஆண்டுதோறும் தொடரும் காட்சி.

இரவும் பைக்கும் சேரும்போது விபத்து மட்டுமே அபாயம் அல்ல. 2002 டிசம்பர் 31. புத்தாண்டை வரவேற்க நகரம் விழித்திருந்த இரவில், மோட்டார் பைக்கின் பின்னிருக்கையில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் குடிபோதையில் இருந்த ஐந்து பேர் சீண்டினார்கள். பணியில் இல்லாத நேரத்திலும் தட்டிக் கேட்டார் போக்குவரத்து சார்ஜென்ட் பாபி சென். ஐந்து பேரும் அவரை அடித்து வீழ்த்தினார்கள். சில நாட்களில் அவர் இறந்தார். அடித்தவர்கள் வேறு யாருமல்ல, கொல்கத்தா போலீசின் கான்ஸ்டபிள்கள். ஐவரும் ஆயுள் தண்டனை பெற்றார்கள். அந்தப் பெண் சாட்சி சொல்ல முன்வரவே இல்லை. தனக்கு உதவ வந்தவர் உயிரை விட்ட பிறகும் வாய் திறக்க முடியாத அளவுக்கு ஒருவரை எது அச்சுறுத்தும் என்பதை அந்த மௌனமே சொல்கிறது.

2019 ஜூனில் பைக்குகளே மிரட்டும் கருவியாயின. மாடலான உஷோஷி சென்குப்தா நள்ளிரவை ஒட்டி வீடு திரும்பிய வாடகைக் காரை, ஹெல்மெட் அணியாத இளைஞர் கூட்டம் ஒன்று மறித்து ஓட்டுநரைத் தாக்கியது. அவர் அதைச் சமூக ஊடகத்தில் எழுதிய பிறகு ஏழு பேர் கைதானார்கள். இதற்கு முந்தைய ஆண்டுதான், ‘வின்னர்ஸ்’ என்ற பெயரில் ஸ்கூட்டரில் ரோந்து போகும் பெண் போலீஸ் படை ஒன்றைக் கொல்கத்தா போலீஸ் அமைத்திருந்தது.

விபத்துகள் மிகும்போது நிர்வாகத்துக்குத் தோன்றும் சுலபமான வைத்தியம் தடை. பந்தயம் விட்டவர்களும், வளைவில் கட்டுப்பாடு இழந்து தடுப்புச் சுவரில் மோதியவர்களும் செய்தியானபோது, இரவில் சில மேம்பாலங்களில் இரு சக்கர வண்டிகள் ஏறக் கூடாது என்று போலீசார் உத்தரவிட்டார்கள். ரேஸ் விடும் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு பொழுதுபோக்கின் இழப்பு. சால்ட் லேக் செக்டர் ஐந்தில் இரவு ஷிஃப்ட் முடிந்து திரும்பும் ஊழியரையும், பைக் டாக்ஸி ஓட்டுபவரையும், முதுகில் பெட்டியோடு பிரியாணி கொண்டு போகும் இளைஞரையும் அது கீழே, லாரிகள் போகும் சாலைக்கு அனுப்புகிறது. மேலே வேகத்தால் சாவு, கீழே சக்கரத்தால் சாவு என்றால் அவர் எந்தப் பக்கம் போவது?

இரவு சவாரியைப் பற்றிப் பேசும்போது நினைவுக்கு வருவது என்னவோ புல்லட்டும் காற்றில் பறக்கும் சட்டையும்தான். அந்த புல்லட் 1950-களில் நம் திருவொற்றியூரில் தயாராகத் தொடங்கியது என்பதில் தமிழருக்குச் சற்றுப் பெருமையும் உண்டு. ஆனால் இன்றைய கொல்கத்தாவில் இரவெல்லாம் பைக்கில் இருப்பவர் சுகத்துக்காக ஓட்டுபவர் அல்ல. நூறு சி.சி. வண்டியில், கைப்பேசி காட்டும் வழியில், எத்தனை ஆர்டர் முடித்தோம் என்று எண்ணிக்கொண்டு போகிறவர் அவர். வேகமாகப் போனால் ஒரு ஆர்டர் கூடும். மெதுவாகப் போனால் பாதுகாப்பு கூடும். இந்தப் பேரத்தை ஒவ்வொரு சிக்னலிலும் தனியாக அவரே நடத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. எரியும் தெருவிளக்கு, மூடிய பள்ளம், பின்விளக்கு உள்ள லாரி — இவை மூன்றும் கிடைத்தால் அவருக்குத் தடை உத்தரவைவிட அதிகம் உதவும்.

விடியும் வேளையில் ராஷ்பிகாரி அவென்யூ. தேசப்பிரிய பூங்காவைத் தாண்டினால் லேக் மார்க்கெட். மயிலாப்பூரிலிருந்து பெயர்த்து வைத்ததுபோலப் பல தலைமுறைத் தமிழர்கள் வாழ்ந்துவரும் பேட்டை. கதம்பமும் வாழையிலையும் அங்கே வாங்கலாம். இந்தச் சாலையில்தான் 1954 அக்டோபர் 14 அன்று வங்கக் கவி ஜீவனானந்த தாஸ் டிராமில் அடிபட்டார்; எட்டு நாட்களில் இறந்தார். அன்று நடந்து போனவருக்கு டிராம் எமனானது. இன்று வண்டியில் போகிறவருக்கு அது விட்டுச் சென்ற தடம்.

கடைசி ஆர்டரைக் கொடுத்து முடித்த இளைஞர் ஒருவர் பூங்கா ஓரத்தில் மண் குவளையில் டீ குடிக்கிறார். ஹெல்மெட் கண்ணாடியில் படிந்த ஈரத்தைச் சட்டை நுனியால் துடைக்கிறார். கிழக்கே வெளுக்கும்போது முதல் பஸ் உறுமிக்கொண்டு வருகிறது. இன்னும் ஒரு மணி நேரத்தில் இந்தச் சாலை பழையபடி சந்தையாகிவிடும். அவர் ஹெல்மெட்டின் வாரை இறுக்கி, வண்டியைக் கிளப்பி, தண்டவாளம் வரும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலை நேராக்கிக் கடந்து போகிறார்.