கைக்கு எட்டும் தட்டு

நத்தம் பக்கத்தில் இருக்கும் அந்தப் பால்வாடிக்கு என்னை அனுப்பியவர், ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியரான என் நண்பர். "பிள்ளைங்க ஆடுறதையும் பாடுறதையும் எல்லாரும் எழுதிட்டாங்க. நீ அந்த டீச்சரோட ஸ்டோர் ரூமைப் பாரு. படிப்பே அங்கதான் ஆரம்பிக்குது" என்றார்.

தமிழ்நாட்டில் குறு மையங்களையும் சேர்த்து 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருப்பதாக அரசுக் கணக்கு. சொந்தக் கட்டடம் உள்ள இடங்களில் பெரும்பாலும் ஒரே அமைப்புதான்: ஒரு கூடம், ஒரு சமையலறை, பொருள் போட்டுவைக்க ஒரு சிறிய அறை. அந்தச் சிறிய அறைக்குள் அரிசி மூட்டை, பருப்பு, எண்ணெய், முட்டை அட்டை, சத்துமாவு பாக்கெட், எடை மெஷின், உயரம் அளக்கும் பலகை, மருந்துப் பெட்டி, பினாயில், துடைப்பம் எல்லாம் இருக்க வேண்டும். வந்துபோன திட்டங்கள் விட்டுச்சென்ற சுவரொட்டிகளும் அங்கேதான். டீச்சருக்கே வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலையும் தலையில் விழுந்திருந்தால் வாக்காளர் பட்டியல் கட்டும் அங்கேதான். இவ்வளவுக்கும் நடுவே, இடம் மிஞ்சினால், குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்.

நான் முன்பு பார்த்த மையங்கள் பலவற்றில் அந்த இடம் பீரோவின் உச்சி. பாலித்தீன் உறை பிரிக்காத கட்டைகள், மணிகள், புதிர்ப் பலகைகள் எல்லாம் அங்கே பத்திரமாக இருந்தன. பத்திரம்தான் பிரச்சினை. பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் டீச்சர். பூட்டிவைத்தால் ஒரு கேள்வியும் வராது. மாதம் பிறந்தால் சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் ஒரு பெண், கேள்வி வராத வழியைத் தேர்ந்தெடுத்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

நத்தம் டீச்சர் அந்த வழியில் போகவில்லை. அவருடைய அறையில் பூட்டு இருக்கிறது. அது உணவுப் பொருளுக்கு மட்டும். விளையாட்டுச் சாமான் கூடத்துச் சுவரோரம், தரையிலிருந்து என் முழங்கால் உயரத்துக்குள், இரண்டு தட்டுகளில் திறந்தே கிடக்கிறது. மூன்று வயதுப் பிள்ளை நடந்துபோய், வேண்டியதை எடுத்து, பாயில் உட்கார்ந்து விளையாடி, திரும்ப அதே இடத்தில் வைக்கிறது. எது எங்கே என்பது பிள்ளைகளுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். ஒவ்வொரு தட்டிலும் பொருள் இருக்கும் இடத்தில் அதன் வெளிக்கோட்டைச் சுண்ணாம்பால் வரைந்து வைத்திருந்தார். கட்டைக்குச் சதுரம், பந்துக்கு வட்டம், மர யானைக்கு யானை. "எழுதி ஒட்டினா எனக்குப் புரியும். வரைஞ்சாத்தான் சார் அதுகளுக்குப் புரியும்" என்றார்.

உணவுச் சாமான் அடுக்கிய விதத்தையும் காட்டினார். மூட்டைகளுக்கு அடியில் பலகை, சுவருக்கும் மூட்டைக்கும் ஒரு சாண் இடைவெளி, புதிதாக வந்த சத்துமாவு பின்னால், பழையது முன்னால், துவரம்பருப்பில் காய்ந்த மிளகாய்.  ஆனால் என் கண் ஆணியில் தொங்கிய ஒரு குழாய்த் துண்டின் மேல் இருந்தது.

விரல் நீள பிவிசி பைப். ஒன்றே கால் அங்குலம். எதற்கு என்று கேட்டதும் டீச்சர் சிரித்து, "அது எங்க ஆயாம்மா சொத்து. அவங்களயே கேளுங்க" என்று சமையலறையைக் காட்டினார்.

உதவியாளரைப் பிள்ளைகளும் ஊரும் ஆயாம்மா என்றே அழைக்கிறார்கள். கணவர் தவறியபோது கையில் இரண்டு பெண் குழந்தைகள். பத்தாவது தாண்டவில்லை. வேலைக்கு வந்த புதிதில் விறகடுப்பு. தண்ணீர் அரை மைல் தள்ளி இருந்த கிணற்றிலிருந்து. பிள்ளைகளை வீடு வீடாகப் போய் அழைத்துவருவதும், சமைப்பதும், கழுவுவதும், மூக்குச் சளி துடைப்பதும் அவர்தான். இரண்டு மகள்களையும் கல்லூரி வரை அனுப்பிவிட்டார். ஒருத்தி இப்போது திருப்பூரில். இதையெல்லாம் அரிசி களைந்துகொண்டே, கையை நிறுத்தாமல் சொன்னார்.

குழாய்க் கதைக்கு வந்ததும் கை நின்றது. "எங்க அண்ணன் பேரன், தம்பி. ரெண்டு வயசு. நெலக்கடல தின்னுக்கிட்டே சிரிச்சான். அம்புட்டுத்தான், மூச்சு நின்னுபோச்சு. மதுரப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி, கொழலு விட்டு எடுத்தாங்க. பொழச்சுக்கிட்டான். அன்னையிலேருந்து எனக்கு இந்தப் பிள்ளைக கையில சின்னதா எதப் பாத்தாலும் வயிறு கலங்கும்." ஊருக்கு வந்த நர்ஸம்மாவிடம் எவ்வளவு சின்னது ஆபத்து என்று கேட்டிருக்கிறார். நர்ஸம்மா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காட்டியிருக்கிறார். அந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு, மோட்டார் வேலை செய்யும் உறவுக்காரப் பையனிடம் ஒரு துண்டுக் குழாய் வாங்கிவந்தார்.

அன்றுமுதல் அந்த மையத்துக்குள் எந்தப் பொருள் வந்தாலும் முதலில் குழாயில் போட்டுப் பார்க்கிறார்கள். உள்ளே விழுந்தால் பிள்ளைகளின் கைக்கு எட்டாத மேல்தட்டு. விழாவிட்டால் சுவரோரத்துக் கீழ்த்தட்டுகள். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளைச் சோதிக்கப் பல நாடுகளில் ஒரு உருளை வைத்திருக்கிறார்கள். அதன் விட்டம் 31.7 மில்லிமீட்டர். ஆயாம்மாவின் குழாய் உள்ளளவில் அதைவிடக் கொஞ்சம் அகலம். அது நல்லதே. சந்தேகத்துக்கு இடமானதையும் சேர்த்து மேலே ஏற்றிவிடுகிறது. மையத்துக்கு வந்த ஒரு மணிக் கோவையே இந்தச் சோதனையில் மேல்தட்டுக்குப் போயிருக்கிறது.

மேல்தட்டு என்றால் தூக்கிப்போட்டது என்று பொருளில்லை. அங்கே புளியங்கொட்டை, சோழி, மஞ்சாடி விதை எல்லாம் மூடி போட்ட டப்பாக்களில் இருக்கின்றன. பெரிய பிள்ளைகள் நான்கைந்து பேரை மட்டும் உட்காரவைத்து டீச்சர் எண்ணிக் கொடுப்பார், முடிந்ததும் எண்ணி வாங்குவார். பத்து போனால் பத்து வந்தாக வேண்டும். பாதுகாப்புக்காகத் தொடங்கிய அந்த எண்ணிக்கையிலேயே பிள்ளைகள் கணக்குப் படித்துவிட்டார்கள். ஒரு சிறுமி "டீச்சர், ஒண்ணு கொறையுது" என்று தானே பாயைத் தூக்கித் தேடியதைப் பார்த்தேன். குன்றிமணி மட்டும் எந்தத் தட்டிலும் இல்லை. ஊர்ப்புறத்து வேலிகளில் அழகாகக் காய்க்கும் அந்த விதையைக் கடித்து விழுங்கினால் நஞ்சு. யார் கொண்டுவந்தாலும் ஆயாம்மா அடுப்பில் போட்டுவிடுகிறார்.

இந்த இருவரும் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியைப் படித்தவர்கள் அல்லர். ஆனால் 1907-ல் ரோம் நகரின் சான் லொரென்சோ குடிசைப் பகுதியில் அவர் தொடங்கிய பள்ளியிலும் பொருட்கள் முதலில் பூட்டிய அலமாரியில்தான் இருந்தன. ஒரு நாள் ஆசிரியை பூட்ட மறந்து, மறுநாள் தாமதமாக வந்தார். பிள்ளைகள் தாங்களே எடுத்து வேலையில் இறங்கியிருந்தார்கள். ஆசிரியை அதைத் திருட்டு என்று எண்ணினார். மாண்டிசோரி அதைத் தேர்ந்தெடுக்கும் அறிவு என்று எண்ணினார். அதன்பின் அலமாரி குட்டையாகி, திறந்துகொண்டது. அவரே 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, போர் முடியும்வரை இந்தியாவில் தங்கி, கொடைக்கானலிலும் இருந்து பயிற்சி அளித்தவர். அவருடைய முறையை ஏழைப் பிள்ளைகளுக்காகத் திருப்பி எழுதிய தாராபாய் மோடக்கும் அனுதாய் வாகும் மகாராஷ்டிரத்தின் போர்டியிலும் கோஸ்பாட்டிலும் விலை கொடுத்து வாங்கிய கருவிகளுக்குப் பதிலாக விதை, இலை, கிளிஞ்சல், கூழாங்கல்லைக் கொண்டு வகுப்பு நடத்தினார்கள். அங்கன்வாடி என்ற ஏற்பாட்டின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. அங்கன் என்றால் முற்றம். அப்படி முற்றத்தில் பிறந்த ஒன்றைக் கொண்டுபோய் பீரோவின் தலையில் ஏற்றியிருக்கிறோம்.

இனி பணத்துக்கு வருகிறேன். முன்பருவக் கல்வி உபகரணத்துக்கு ஒரு மையத்துக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் என்று மத்திய அரசு வகுத்தது. 25 பிள்ளைகள் இருந்தால் தலைக்கு 200 ரூபாய். ஆண்டில் 300 நாள் மையம் நடந்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 67 காசு. அந்த 67 காசும் டீச்சர் கைக்கு வருவதில்லை. எங்கோ ஒப்பந்தம் போட்டு, எவரோ வாங்கி, எவரோ ஏற்றி, மூலை மடங்கிய ஒரு அட்டைப் பெட்டியாக வந்து சேர்கிறது.  பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்று ஆயாம்மாவிடம் கேட்டவர் ஒருவருமில்லை. கேட்டிருந்தால் குழாய்க்குள் விழும் மணி வந்திருக்காது.

அதே ஊரில் ஒரு தச்சர் இருக்கிறார். கதவு, நிலை செய்து மிஞ்சும் வேம்புத் துண்டுகளை இழைத்து, முனை மழுக்கி, இந்த மையத்துக்குக் கட்டைகளாகக் கொடுத்திருக்கிறார், காசு வாங்காமல். ஒன்றுகூட உடையவில்லை. காசு கொடுத்து முறையாக வாங்கலாமே என்றால், அவரிடம் ஜிஎஸ்டி எண் இல்லை, பில் இல்லை. பில் வைத்திருக்கும் வியாபாரிக்கு மரம் தெரியாது. மரம் தெரிந்தவருக்குப் பில் கிடையாது. அரசுப் பணம் எப்போதும் முதல் ஆளைத்தான் தேடிப் போகிறது. இதைக் கோபமில்லாமல் எழுத என்னால் முடியவில்லை.

அந்த இரண்டு பெண்களுக்கும் மத்திய அரசு 2018 அக்டோபரில் நிர்ணயித்த மாத மதிப்பூதியம் பணியாளருக்கு 4,500, உதவியாளருக்கு 2,250. தமிழ்நாட்டில் மாநில அரசு சேர்த்துக் கொடுப்பதால் நிலைமை சற்று மேல். பணிக்கொடைக்கு இவர்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் ஒரு குஜராத் வழக்கில் சொன்ன பிறகும், இவர்கள் தொண்டர்கள் என்ற சொல் கோப்புகளை விட்டுப் போகவில்லை. ஒரு பிள்ளையின் தொண்டையைக் காக்கும் அளவை வகுத்தவரைத் தொண்டர் என்று சொல்லிக் கணக்கை முடிப்பது அநியாயம்.

கிளம்பும்போது டீச்சர் அறையின் மூலையிலிருந்து ஒரு சாக்கை இழுத்துக் காட்டினார். மாட்டுத் தீவனச் சாக்கு. ஆயாம்மா வீட்டிலிருந்து வந்தது. அரிசிச் சாக்குக்குத் தனிக் கணக்கு இருப்பதால் அதைத் தொடக் கூடாதாம். உள்ளே காது போன யானை, சக்கரமில்லாத வண்டி, ஓரம் நைந்த புதிர்ப் பலகை, தேய்ந்த எழுத்து அட்டைகள். உடைந்ததையும் எறிய முடியாது. பதிவேட்டிலிருந்து கழித்துத் தரும்வரை கட்டி வைக்க வேண்டும். "இதுக்கு இடம் கண்டுபிடிக்கிறதுதான் சார் எனக்குப் பெரிய வேலை" என்றார்.

விளையாட்டுப் பொருளுக்குத் தேய்மானம் என்று ஒரு பத்தி அந்தப் பதிவேட்டில் வேண்டும். டீச்சரும் ஊரின் இரண்டு தாய்மாரும் கையெழுத்திட்டால் ஆண்டுக்கு ஒருமுறை கழித்துவிடலாம் என்று ஓர் ஆணை போதும். 5,000-ல் பாதியையாவது மையத்தின் கையில் கொடுத்து, தச்சரிடம் வெள்ளைத் தாளில் வாங்கும் ரசீதை ஏற்க வேண்டும். ஆய்வுக்கு வருபவர்கள் பீரோவைத் திறந்து புதுப் பெட்டி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்க வேண்டியது இந்தச் சாக்கை. அது காலியாக இருந்தால்தான் டீச்சரிடம் விளக்கம் கேட்க வேண்டும்.