ரத்தத்துல வர்றது

அப்பாவுக்கு எழுபத்தாறு. கொஞ்ச நாளா பேப்பரைப் பிரிக்கறதே இல்லை. காபி ஆடை கட்டிக் கிடக்கு.

"உங்க தாத்தாவும் கடைசி காலத்துல இப்படித்தான். ரத்தம்டா!"
அத்தை ஒரே போடு.

மனச்சோர்வா இருக்குமோன்னு ராத்திரி போனைக் குடைஞ்சேன்.
இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து 2000-ல போட்ட கணக்குப்படி, மனச்சோர்வுல மரபோட பங்கு சுமார் 37 சதவீதமாம். அதுவும் கூட்டத்துக்கான கணக்கு, தனி ஆளுக்குப் பொருந்தாது.
2003-ல ஒரு செரோடோனின் ஜீனைப் பத்தி ஏகப்பட்ட பேச்சு. 2019-ல லட்சக்கணக்கானவங்க தரவுல தேடினா, ஒண்ணும் தேறலை.

மரபு போக மிச்சத்துல தைராய்டு, பி12, மந்தமான காது, போன வருஷம் செத்துப்போன சீட்டுக்கட்டு சிநேகிதர்…

அப்பாகிட்டேர்ந்து எனக்கு வந்தது வழுக்கை மட்டும்தான்னு இருந்தேன். இப்ப கண்ணாடியில என் மூஞ்சியையே சந்தேகமா பாக்கறேன் 😅

"எனக்கென்ன பைத்தியமா?"ன்னு எகிறாம, அப்பாவை மனநல டாக்டர்கிட்ட எப்படிங்க கூட்டிட்டுப் போனீங்க?