பழவேற்காட்டில் ஒரு தூண்டில்



கலிலேயாக் கடலைப் பற்றி உங்களுக்கு எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். படகு, வலை, இராமுழுவதும் பட்ட வீண் பிரயாசம், 153 மீன்கள் என்றெல்லாம் பேசியவன், சென்ற மாதம் வரையில் ஒரு தூண்டில் முள்ளைத் தொட்டதில்லை. பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்து நம் சபைக்கு வருகிறவர்கள் அந்தப் பிரசங்கங்களை எவ்வளவு பொறுமையோடு கேட்டிருக்கிறார்கள் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

மீன்பிடிக்கக் கற்கவேண்டும் என்று நான் புறப்படவில்லை. ஒரு தம்பியைப் பார்க்கப் போனேன். அவருடைய இசைவோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். ஏரிக்கரையில் பிறந்தவர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஆறு ஆண்டுகள் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர். பிரஸ் இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல்கள் போயின. காயம் ஆறியபோது வேலையும் இல்லை என்றாயிற்று. மருத்துவமனையில் அவரைச் சந்தித்த நான், உட்கார்ந்த ஐந்து நிமிடத்துக்குள் ரோமர் 8:28-ஐ எடுத்துச் சொல்லி, விளக்கமும் கொடுத்து, ஜெபித்து எழுந்துவிட்டேன். வேறொரு வீட்டுக்கு நேரமாகியிருந்தது. அதன்பின் நான்கு மாதங்கள் அவர் ஆராதனைக்கு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை விடியலில், பொன்னேரி வழியாகச் சென்று, முகத்துவாரத்துக்கு அருகே அவரைக் கண்டேன். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை வாழ்த்து அன்று. "ஐயா, அங்கே நிற்காதீர்கள். உங்கள் நிழல் தண்ணீரில் விழுகிறது."

தள்ளி உட்கார்ந்தேன். பேச வழியில்லாததால் கேட்கத் தொடங்கினேன்.

பழவேற்காடு ஏரி ஆற்றுநீரும் கடல்நீரும் கலந்த உவர்நீர். இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுவே. கடல் ஏறும்போது முகத்துவாரம் வழியாக நீர் உள்ளே வரும்; வற்றும்போது வெளியேறும். நீர் ஓடாமல் தேங்கி நிற்கும்போது தூண்டில் போடுவது பெரும்பாலும் வீண். ஓட்டம் திரும்பும் வேளையில்தான் சிறுமீனும் இறாலும் நகரும்; அவற்றுக்காகக் கொடுவா காத்திருக்கும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஓட்டம் வலுக்கும். கோடையில் மணல் சேர்ந்து வாய் அடைபட்டுப்போனால் ஏரிக்கு மூச்சுத் திணறும், மீனவர்களுக்குப் பிழைப்பும் திணறும்.

கொடுவாயின் கண்ணில் விளக்கொளி பட்டால் செந்நிறமாக ஒளிரும். கனடாவின் ஏரிகளிலும் இப்படிக் கண் ஒளிரும் வால்ஐ என்றொரு மீன் உண்டு. அந்தி மயங்கும் நேரத்தில் அதைத் தேடிப் போவார்கள். இரண்டும் மங்கலான வெளிச்சத்தில் வேட்டையாடுகிறவை.

கருவிகள் எளியவை. ஒரு பிளாஸ்டிக் புட்டியில் சுற்றிய நரம்பு, ஓர் ஈயக்குண்டு, ஒரு முள். இரைக்கு உயிருள்ள இறால். அதை ஓர் இருளர் சகோதரியிடம் வாங்கினோம். அவர்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றை வெறுங்கையால் தடவி, பிடித்த இறாலைப் பல்லில் கவ்விய பறிக்குள் போடுகிறார்கள். இறாலின் தலையில் தெரியும் கரும்புள்ளியைத் தொடாமல், கொம்புக்குக் கீழே முள்ளைக் குத்த வேண்டும். அப்போது அது நெடுநேரம் உயிரோடு நீந்தும். என் முதல் மூன்று இறால்களும் குத்தியவுடன் செத்தன.

எங்கு வேண்டுமானாலும் போடலாம் என்றும் எண்ணாதிருங்கள். இறால் பிடிக்கும் இடங்களை இங்குள்ள மீனவர் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பெரிய வெள்ளிக்கிழமையன்று நாம் தியானிக்கும் அதே சொல். ஒருவருடைய பாட்டில் இன்னொருவர் கைவைப்பதில்லை.

இனி என் தவறுக்கு வருகிறேன். நரம்பு விரலில் இரண்டு முறை துடித்தது. துள்ளியெழுந்து இழுத்தேன். வெறும் முள் வந்தது. "விட்டுக்கொடுக்க வேண்டும், ஐயா" என்றார் தம்பி. கொடுவா சில வேளை இரையை வாயில் கொண்டு சற்று ஓடும். அப்போது நரம்பைத் தளர்த்தி, அது தானாக இறுகும்வரை காத்திருக்க வேண்டுமாம். தொட்டவுடன் இழுக்கிறவனுக்கு இரைதான் நஷ்டம்.

சுவிசேஷங்களில் தூண்டில் வருவது ஓரிடத்தில் மாத்திரமே: மத்தேயு 17:27. வரிப்பணத்தைக் குறித்த பாடமாகவே அதை எப்போதும் போதித்தேன். பேதுரு வலைக்காரன். கூட்டங்கூட்டமாய் வாரிப் பழகியவன். அவனை ஆண்டவர் ஒரே ஒரு மீனுக்காகக் கரையில் உட்காரவைத்தார். ஞாயிறுதோறும் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணி நோட்டில் எழுதுகிற எனக்கு, அன்று அது வேறு விதமாகக் கேட்டது.

வெயில் ஏறிய பிறகு, நரம்பைப் பார்த்தபடியே அவர் சொன்னார்: "ஆஸ்பத்திரியில் நீங்கள் வசனம் சொன்னபோது எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. இல்லாத விரல் வலித்துக்கொண்டிருந்தது. இப்போதும் இரவில் வலிக்கும். வீட்டில் சொன்னால் நம்பமாட்டார்கள்."

மூன்று வசனங்கள் என் நாவுக்கு வந்தன. விழுங்கினேன். "எந்த விரல், தம்பி?" என்று மட்டும் கேட்டேன். அதன்பின் அவர் ஒருமணி நேரம் பேசினார். அவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை.

நடுவில் அவருடைய நரம்பு இறுகியது. முழங்கை நீளம்கூட இல்லாத கொடுவா. செவுள் மூடி கத்தியாய் அறுக்கும் என்பதால் கீழ்த்தாடையைப் பற்றி, முள்ளைக் கழற்றி, நீருக்குள் விட்டார். கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, பெரிதான பிறகே பெண்ணாக மாறும். சிறியவற்றையெல்லாம் பிடித்துவிட்டால் முட்டையிட ஒன்றும் மிஞ்சாது. வீட்டில் குழம்புக்கு ஒன்றுமில்லாத நாளில் அவர் அதை விட்டார் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமையும் வரட்டுமா என்று கேட்டேன். சிரித்தார். ஏற்றம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பிந்துவதால், ஒரு வாரத்தில் ஏற்றமும் வற்றமும் இடம் மாறிவிடுமாம். "அதற்கடுத்த சனிக்கிழமை வாருங்கள், ஐயா. இறால் நான் வாங்கி வைக்கிறேன்."

ஆராதனைக்கு வருவாரா என்று நான் கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை போனேன். வருகிற சனிக்கிழமையும் போகிறேன்.